குதிரை மேல் விழுந்த பழி

‘சீசன் கிராக்கிங்’ பற்றி யார் எழுதினாலும் நம்மூர் மழைக்காலத்தில்தான் ஆரம்பிப்பார்கள். பிரிட்டிஷ் ராணுவம் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்ததாம். மழை ஓய்ந்தபின் பார்த்தால் பித்தளை உறைகளில் விரிசல். காரணம், குதிரை மூத்திரத்தில் இருந்து கிளம்பிய அம்மோனியா. இன்ஜினியரிங் படிக்கும்போது நானும் இப்படித்தான் கேட்டேன். பரீட்சையிலும் அப்படியே எழுதினேன்.

கதை பொய்யில்லை. ஆனா பாதிக்கதை.

அதே லாயத்தில் உள்விசை இல்லாத ஒரு பித்தளைத் துண்டை வைத்திருந்தால் அது நிறம் மங்கியிருக்கும், கொஞ்சம் அரித்திருக்கும், பிளந்திருக்காது. தோட்டா உறை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். கிண்ணம் போன்ற சின்ன வில்லையைக் குளிர்நிலையிலேயே பல தடவை இழுத்து நீட்டி, கடைசியில் கழுத்தை ஒடுக்குகிறார்கள். அந்த இழுப்பு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் இதை விளக்கினார்கள்: உள்ளே தங்கிய இழுவிசையும் வெளியே உள்ள அம்மோனியாவும் சேர்ந்தால்தான் விரிசல். எங்க தொழிலில் சொன்னால், குதிரை வெறும் ட்ரிக்கர். பக் உறைக்குள்ளேயே இருந்தது. சரியான தீர்வும் குதிரையை இடம் மாற்றுவதல்ல. உறையை மிதமாகச் சூடாக்கி அந்த விசையைத் தளர்த்துவது, அதாவது அனீலிங்.

என் இரண்டாவது புகார் இங்கேதான். குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பழைய உறைகளை மறுபடி நிரப்புகிறவர்களும் ‘அனீலிங்’ என்கிறார்கள். அதற்கு ஆதாரமாக இதே குதிரைக் கதையைச் சொல்வதும் உண்டு. பெயர் ஒன்று, வேலை வேறு.

உள்விசையைத் தளர்த்த 260 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் போதும். கெட்டித்தன்மை பெரிதாகக் குறையாது. சுடுகிறவருக்கு வேண்டியது கழுத்து மென்மையாவது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, டை அதைத் திரும்ப ஒடுக்குகிறது. நாளடைவில் அது விறைத்துப்போய், குண்டை ஒவ்வொரு உறையும் ஒவ்வொரு மாதிரி பிடிக்கும், கடைசியில் கீறிவிடும். இதைச் சரிசெய்ய உலோகத்தின் மணிகள் புதிதாக உருவாக வேண்டும். உலைகளில் அதற்கு வழக்கமான வெப்பம் 425 முதல் 760 டிகிரி வரை. சில வினாடிகளே காட்டும் தீயில் இன்னும் கவனம் தேவை.

வார்த்தைச் சண்டை மாதிரி தெரியலாம். இல்லை. கதையை மட்டும் படித்தவர், ‘சூடாக்கினால் உறை வலுவாகும்’ என்று நினைத்து முழு உறையையும் இந்த வெப்பத்துக்குக் கொண்டுபோனால், அடிப்பாகமும் இளகிவிடும். அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே அதுதான். அங்கே உறை விட்டுக்கொடுத்தால் சூடான வாயு பின்பக்கமாக, சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். அதனால்தான் கழுத்தையும் தோளையும் மட்டும் சுடவைக்கிறார்கள். ராணுவத் தோட்டாக்களில் கழுத்தருகே தெரியும் நீலப்பழுப்புக் கறை அந்தச் சூட்டின் தடம்தான்.

குதிரைக் கதையில் இன்றைக்கும் பயன்படும் பாடம் ஒன்று உண்டு: அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டு உறைகளைத் துலக்காதீர்கள். மற்றபடி, அடுத்த முறை இதைச் சொல்கிறவர்கள் இரண்டு வரி சேர்த்தால் போதும். விரிசலுக்கு விதை உறைக்குள் இருந்தது. அதைப் போக்கிய சூடும் கழுத்தை இளக்கும் சூடும் ஒன்றல்ல.