சின்னாதேவியின் படிமம்

அரசனுக்குக் காதற்கிழத்தியாய் இருந்தவளை, அவன் குலமகளாக மணந்தவளின் அருகே எவ்வாறு உருவில் வடிப்பது என்னும் வினா அரசவைகள் பலவற்றில் எழுந்ததொன்றாகும். தமிழிலக்கணம் இத்தகையாளைக் காமக்கிழத்தி என்றும் பரத்தை என்றும் வகுத்துப் பேசிற்று. ஆயினும், அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என விலக்கும் வைத்தது. ஆதலின் நம் செய்யுட்களில் அவளுக்குக் கூற்று உண்டு, சினம் உண்டு, பெயர் இல்லை. பெயரும் உருவும் ஒருங்கே பெற்ற ஒருத்தியின் படிமம் திருமலையில் நிற்கின்றது. அவளுடைய கொழுநனோ திருவில்லிபுத்தூரைக் காப்பியமாகப் பாடியவன். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

திருமலைக் கோயிலின் பெருவாயிலைக் கடந்து உட்புகுவார்க்கு வலப்பக்கத்து மண்டபத்தில், விசயநகர வேந்தன் கிருட்டிணதேவராயனுடைய (1509–1529) செப்புப் படிமம் உளது. நெடிய குல்லாயணிந்து கைகுவித்து நிற்கும் அவனுக்கு ஒருபுறம் திருமலைதேவி, மறுபுறம் சின்னாதேவி. மூவர் பெயரும் தோளிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1520இல் விசயநகரத்தைக் கண்டெழுதிய போர்த்துகீசியர் தொமிங்கோ பாயசு, அரசனுடைய முதன்மைத் தேவியர் மூவருள் ஒருத்தி கணிகை என்றும், அவன் பட்டம் எய்துமுன்பே அவளைக் காதலித்தான் என்றும், அரசனாயின் மணப்பதாகத் தந்த வாக்கை நிறைவேற்றினான் என்றும், அவள்மேற்கொண்ட அன்பினால் புதியதொரு நகரையே எழுப்பினான் என்றும் குறித்துள்ளார். அக்கணிகை சின்னாதேவியே என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை.

இனிப் படிமத்தை நோக்குவோம். குலமகள் இவள், கணிகை இவள் என்று காட்டும் குறி யாதும் அதன்கண் இல்லை. கூந்தல் முடியும் அணிகலனும் ஆடை மடிப்பும் குவித்த கையும் இருவர்க்கும் ஒரு தன்மையவே. முகத்திலும் தனித்தன்மை தேடுவார் ஏமாற்றமே அடைவர். இது கொண்டே, நம் உருவச் சிற்பங்கள் ஆளைக் காட்டமாட்டா, அச்சில் வார்த்தாற்போல்வன என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை அளவுகோலின் பிழையால் எழுந்தது என்பதே என் கருத்து.

அவ்வளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிரெஞ்சு அரசவை ஓவியம் ஒன்றைக் காண்க. பதினைந்தாம் லூயி மன்னனின் காதற்கிழத்தியாக 1745இல் அரசவை ஏறிய பொம்பதூர் சீமாட்டியை பூஷே என்னும் ஓவியர் 1756இல் தீட்டினார். அவ்வோவியம் இன்று மியூனிக் நகரில் உள்ளது. உயர்குடியிற் பிறவாதவள் அவள். மன்னனோடு உடலுறவு ஒழிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. எனினும் அவளது செல்வாக்குக் குறையவில்லை. 1756இலேயே அரசியின் பணிமகளிருள் ஒருத்தியாகவும் அமர்த்தப்பெற்றாள். ஆகவே ஓவியம் அவளுக்காக வழக்காட வேண்டியதாயிற்று. கையில் விரித்த நூல், அருகே இழுப்பறை திறந்த சிறு மேசையில் இறகுப் பேனா, பின்னே கண்ணாடியில் தோன்றும் நூற்பேழை, அடியில் நாய்க்குட்டி. மன்னன் அங்கில்லை. ஆடையெங்கும் செறிந்த ரோசா மலர்கள் பழைய காதலை நினைவூட்டலாம். நூலும் பேனாவுமோ, கற்றவள், கலை புரப்பவள், மன்னனுக்கு நட்பினள் என்கின்றன. முகத்தினும் மிகுதியாகப் பொருள்களே பேசுகின்றன எனின் மிகையாகாது.

திருமலைப் படிமமும் வழக்காடுகின்றது. ஆனால் வேறு நெறியில். பிரெஞ்சு ஓவியம் அவள் பிறரின் வேறானவள் என நிறுவ முயல்கின்றது. திருமலைப் படிமம் அவள் பிறரின் வேறல்லள் என நிறுவுகின்றது. சீரங்கப்பட்டணத்துச் சிற்றரசன் மகள் எனக் கருதப்படும் திருமலைதேவிக்கு நிகராக, அதே கைகுவிப்போடு, அதே தெய்வத்தின்முன் கணிகையொருத்தியை நிறுத்துதல் சிறு செயலன்று. ஈண்டு முகவேறுபாடு காட்டியிருப்பின் அச்செயலே கெட்டிருக்கும். வேறுபடுத்தும் பணி பெயருக்கு விடப்பட்டது. அப்பெயரைத் தோளிற் பொறித்தமையே இப்படிமத்தின் உயிர்நிலை. கல்வெட்டும் இதற்கு ஒத்து நிற்கின்றது: 1513இல் மன்னன் திருமலைக்கு வந்தபோது பாலமுதுக்குப் பொற்கிண்ணம் அளித்தவராக இரு தேவியரும் தனித்தனியே கூறப்படுகின்றனர்.

திருவேங்கடமுடையானுக்கே உரிமையாக்கப்பட்ட மற்றொன்று அம்மன்னனின் ‘ஆமுக்தமால்யதா’. சூடிக்கொடுத்தவள் என்பது அத்தலைப்பின் பொருள். பெரியாழ்வார் வரலாறும் கோதையின் வரலாறும் வில்லிபுத்தூர் நகர் வருணனையும் ஆறு ஆசுவாசங்களில் அமைந்த இக்காப்பியத்தைத் தமிழ்த்துறையினர் பலர் பெயரளவிலேயே அறிவர். திருவில்லிபுத்தூருக்குச் சில கல் தொலைவிலுள்ள இராசபாளையத்தில், தெலுங்கு நாட்டினின்று தெற்கே குடிபெயர்ந்தோர் வழியினராகிய இராசுக்கள் இல்லங்களில் இன்றும் தெலுங்கு வழங்குகின்றது. நாச்சியார் திருமொழியையும் இக்காப்பியத்தையும் ஒருசேரக் கற்கும் வாய்ப்பு நமக்கு இத்துணை அணித்தாக இருந்தும் அதனைப் பயன்கொள்ளாதது வியப்பே.

துளசிச் செடியின் கீழ்க் கிடைத்த, குலமறியாக் குழவி கோதை. அவளே பின்னர்த் தெய்வத்தின் தேவியானாள். இக்கதையை மன்னன் தேர்ந்தமைக்குச் சின்னாதேவியே காரணம் என ஒருவர் கருதக் கூடும். கேட்டற்கு இனிதே, ஆயினும் அதற்குக் காப்பியத்துள் சான்றில்லை. ஆந்திர விட்டுணு கனவில் தோன்றிப் பணித்தமையாற் பாடியதாகவே மன்னன் கூறுகின்றான். ஒப்பிடத்தக்கது கதையன்று, உருவாக்கும் முறையே. கோதையின் அழகை உறுப்புறுப்பாக மன்னன் நெடிது பாடுகின்றான். அவ்வருணனையைப் பிறிதொரு காப்பியத் தலைவிக்கு மாற்றி வைப்பினும் பெரும்பாலும் பொருந்தும். கோதையைக் கோதையாக்குவது கூந்தலும் விழியும் அல்ல; தந்தை தொடுத்த மாலையைத் தான் சூடிக் கிணற்று நீரில் நிழல் பார்த்த செய்கையும், அதனாற் பெற்ற பெயருமே. செப்பில் வார்த்த கலைஞனும் அந்நெறியையே பின்பற்றி, முகத்தை மரபுக்கு விட்டுத் தோளில் ‘சின்னாதேவி’ என எழுத்துப் பொறித்தான்.