எட்டடியில் புலி, கையில் முட்டை

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஜிம் கார்பெட் வாங்கிப் படித்த மேல்பட்டாம்பாக்கம் வாசகர் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். 'அவ்வளவு பெரிய புலியை இத்தனூண்டு ரைஃபிளால் சுட்டேன் என்கிறாரே, ரீல்தானே?' என்பது முதல் கேள்வி. இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரீல் இல்லை சார். கார்பெட்டின் எழுத்தை மற்ற ஷிகாரி எழுத்துகளிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்த இத்தனூண்டு ரைஃபிள்தான்.

சௌகர் கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். 1930 ஏப்ரல். 64 பேரைத் தின்ற பெண்புலி. கார்பெட் ஒரு வறண்ட ஓடையில் இறங்கிப் போகிறார். இடது கையில், வழியில் எடுத்த பக்கிக் குருவியின் இரண்டு முட்டைகள் (மனுஷருக்கு முட்டை சேகரிக்கும் பைத்தியம் உண்டு). வலது கையில் ரைஃபிள். ஒரு பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், எட்டடியில் புலி படுத்திருக்கிறது. ஒற்றைக் கையால் ரைஃபிளை இம்மி இம்மியாக முக்கால் வட்டம் சுழற்றி விசையை அழுத்துகிறார்.

வேறு யாராவது எழுதியிருந்தால் அடுத்த பாரா முழுக்கத் தன் நெஞ்சுரத்தைப் பற்றி இருக்கும். கார்பெட் கணக்குப் போடுகிறார். பாதகமாகத் தெரிந்த மூன்று விஷயங்கள்தான் என்னைக் காப்பாற்றின என்கிறார்: கையில் இருந்த முட்டை, ரைஃபிள் இலேசானது, எதிரே இருந்தது ஆட்கொல்லி. கனமான ரைஃபிளாக இருந்தால் ஒரு கையால் சுழற்றியிருக்கவே முடியாது. உயிர் பிழைத்ததற்குத் துப்பாக்கியின் எடையைக் காரணமாகச் சொல்லும் நேர்மை அபூர்வம்.

அவருடைய இலேசு ரைஃபிள் .275 ரிக்பி. 1907ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்கு ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹ்யூவெட் தந்த பரிசு. தோட்டா என்னவோ ஜெர்மன்காரனுடையது, மௌசர் 7x57. போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதனிடம் நிறைய அடி வாங்கினார்கள். அதையே லண்டன் ரிக்பி கம்பெனி அங்குலக் கணக்கில் பேர் மாற்றி விற்றது. வியாபாரம்!

நம்மூர்ப் பக்கத்துக்கு வந்தால் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைத் தன் கொல்லைப்புறம்போல் எழுதியவர். அவர் கையில் .405 வின்செஸ்டர். கார்பெட்டின் குண்டு சுமார் 9 கிராம், விநாடிக்கு 800 மீட்டர் சொச்சம். ஆண்டர்சனுடையது 19 கிராமுக்கு மேல், 670 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் உந்தம் ஒன்றே முக்கால் மடங்கு. ஆனால் தோளில் விழும் உதை வர்க்கத்தில் ஏறும். ரைஃபிள் எடை ஒன்றே என்றால், மருந்துப் புகையையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டரை மடங்கு உதை.

உதைத்தால் என்ன, ஆம்பிளை தாங்க மாட்டானா? தாங்குவான். பிரச்னை தோள் வலி இல்லை, அடுத்த தோட்டா. உதை வாங்கிய உடம்பு, விசையை அழுத்துவதற்கு முன்பே பயந்து கண்ணை மூடும், தோளைச் சுருக்கும். குழல் முனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், நூறு மீட்டரில் குண்டு ஒன்பது சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். நெஞ்சுக்கு வைத்தது தாடையில் படும்.

தாடை என்று சும்மா சொல்லவில்லை. சம்பாவத் புலியின் வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய குண்டடி. இயல்பான இரையைக் கொல்ல முடியாமல்தான் மனுஷனிடம் வந்தது என்கிறார் கார்பெட். யாரோ ஒருத்தர் சரியாகச் சுடாததற்கு 436 பேர் விலை. ஆண்டர்சனின் ஜவளகிரிப் பெண்புலியும் குண்டடி பட்டுத் தப்பிய புலிதான். இரண்டு பேர் புத்தகங்களிலும் உண்மையான வில்லன், காயப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்ட அந்தப் பேரில்லாத ஆசாமி.

ஆண்டர்சன் மேல் என் குறை இதுதான். இரவுக் காட்டின் சத்தங்களையும், பைரா போன்ற காட்டு மனிதர்களையும் எழுதுவதில் அவர் கார்பெட்டுக்கு ஒரு படி மேல். ஆனால் .405 அவரிடம் ஒரு பெயர்தான், நம்பிக்கையான பழைய நண்பன்போல. ஏன் அது, ஏன் வேறில்லை என்று வாசகனை உட்காரவைத்துச் சொல்வதில்லை. கார்பெட் சொல்வார்.

அதற்காக, சின்னதே சிறந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். கார்பெட் தேவைப்பட்டபோது .450/400 என்ற கனத்த இரட்டைக் குழலையும் சுமந்திருக்கிறார். கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானை சுட்டார், பெரும்பாலும் இதே .275ஆல். அவருக்கு யானை மண்டைக்குள் மூளை எங்கே என்று மனப்பாடம். மற்றவர்கள் அதைச் செய்துபார்த்தால் யானை நம்மைச் செய்துவிடும்.

தி.ஜ.ர. அந்தக் காலத்திலேயே கார்பெட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். இருந்தும் நம் தொடர்கதைகளில் துப்பாக்கிக்கு எடையே கிடையாது. ரைஃபிளும் ரிவால்வரும் ஒரே மாதிரி 'டுமீல்'. ஹீரோவின் தோள் அசையாது. சுட்ட பிறகு காது 'ஙொய்' என்காது. எழுதுகிறவர்கள் ஒரு தடவை என்.சி.சி. கேம்ப்பில் .22 பிடித்த பையனிடமாவது விசாரிக்கலாம்.

இரண்டாவது கேள்வி: 'வேட்டைக்கும் குறி பார்த்துச் சுடவும் பொதுவாக, ரொம்ப உதைக்காத தோட்டா எது வாங்கலாம்?'

வேட்டையை மறந்துவிடுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பொழுதுபோக்கு போச்சு. தோட்டாவிலும் பாதியை சர்க்காரே தேர்ந்தெடுத்துவிட்டது. ராணுவ .303 தனியார் கைக்கு வரக்கூடாதென்று பிரிட்டிஷ்காரன் தடுத்ததன் மிச்சம்தான், இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315. ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டா, 244 கிரெய்ன் குண்டு. உதைக்கும்.

குறிதான் ஆசை என்றால் முறையான ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து .22ல் ஆரம்பியுங்கள். குண்டு இரண்டரை கிராம்தான், தோளுக்குத் தெரியவே தெரியாது. 300 மீட்டர் போட்டியில் சுடுகிற சூரர்களே இப்போது பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டார்கள். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியது காற்று ரைஃபிளில். அதில் மருந்தே கிடையாது.