ஒரு நிமிஷ சிநேகம்

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். (பிறகு எப்படிப் படிப்பது என்று கேட்காதீர்கள். இந்தப் பாராவை முடித்துவிட்டு மூடலாம்.) நீங்கள் அதிகம் பழகாத மதத்தைச் சேர்ந்த ஒருவரை முதல்முறையாகச் சந்திக்கிறீர்கள். பேச்சு இதமாகப் போகிறது. ஒரு நிமிஷம் இதைக் கற்பனை செய்யுங்கள். ஆச்சா? இப்போது உங்களை அறியாமல் உள்ளே இருந்த வெறுப்பு கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும்.

இது சாமியார் யாரும் சொன்னதில்லை. ரிச்சர்ட் க்ரிஸ்ப், ரியானன் டர்னர் என்ற இரண்டு இங்கிலாந்து உளவியல்காரர்கள் சொன்னது. 'கற்பனைத் தொடர்பு' என்று பெயர்.

இதன் மூலம் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்கர் 1954-ல் எழுதிய புத்தகம். விரோதமாகப் பார்த்துக்கொள்ளும் இரண்டு கூட்டங்கள் சம அந்தஸ்தில், பொதுவான காரியத்துக்காக, சேர்ந்து வேலை செய்தால் விரோதம் குறையும் என்றார். சரி, பக்கத்தில் அந்த ஆளே இல்லாத ஊரில் என்ன பண்ணுவது? நினைத்துப் பார்த்தாலே போதும் என்றார்கள் க்ரிஸ்ப்பும் டர்னரும். 2007-ல் இளைஞர்களை வயசானவர்களோடு மனசுக்குள் பேச வைத்தார்கள். 2010-ல் முஸ்லிம் அல்லாதவர்களை முஸ்லிம்களோடு. மனப்பான்மை மாறியது. 'எனக்கு அப்படியெல்லாம் பேதம் கிடையாதுங்க' என்று வாய் சொன்னாலும் விரல் காட்டிக்கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை இருக்கிறது. ஒரு கூட்டத்தின் பெயரோடு நல்ல வார்த்தைகளைச் சேர்க்க எத்தனை மில்லி செகண்ட் தயங்குகிறீர்கள் என்று அளக்கும். அதிலும் தயக்கம் குறைந்ததாம்.

நானும் முயன்று பார்த்தேன். என் கற்பனை பாய் ரொம்பத் தங்கமானவர். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். என் ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தார் (வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை). ரம்ஜான், பிரியாணி தாண்டி அவர் எதுவும் பேசவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எப்படிப் பேசுவார்? வசனம் நான் எழுதியது. என் ஸ்டாக்கில் இருந்தது அவ்வளவுதான். 'உங்க தெருவுல எனக்கு வாடகைக்கு வீடு கொடுப்பாங்களா சார்?' என்று அவர் கேட்கவே இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு இது பழகின ஆபத்து. நம் பாத்திரங்கள் நம்மை எதிர்த்துப் பேசாதபோது கதை படுத்துவிடும். இந்தச் சோதனையிலோ 'சந்திப்பு இதமாக இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்பது கேள்வித்தாளிலேயே இருக்கிறது. விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பது மாதிரி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களே இதை நிஜப் பழக்கத்துக்கு மாற்று என்று சொல்லவில்லை, முதல் படி என்றுதான் சொன்னார்கள். 2014-ல் எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பலன் இருப்பதாகவே வந்தது. அதே 2014-ல், பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பிரபலமான 13 உளவியல் கண்டுபிடிப்புகளை 36 இடங்களில், ஆறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். பத்து தேறின. இரண்டு ஃபெயில். நம் கற்பனைத் தொடர்பு பார்டர்!

சரி, நிஜ ஆட்களை வைத்தால்? மாட் லோ என்ற பொருளாதாரக்காரர் உத்தரப்பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரை மட்டும் மாதம் முழுக்க கிரிக்கெட் ஆட வைத்தார். சில டீம்கள் ஒரே ஜாதி, சில கலப்பு, எல்லாம் குலுக்கல் முறையில். முடிவு 2021-ல் வந்தது. கலப்பு டீமில் ஆடினவர்களுக்கு வேற்று ஜாதியில் சிநேகிதர்கள் கூடினார்கள். தன் ஜாதிக்காரனுக்கே சலுகை காட்டுவது குறைந்தது. ஆனால், வேற்று ஜாதிக்காரர்கள் எதிரணியில் நின்றபோது பொதுவாக நேர்மாறு. பழக்கம் இன்னும் குறைந்தது. ஆக, சும்மா சந்தித்தாலும் போதாது, எந்தப் பக்கம் நின்று சந்திக்கிறோம் என்பதும் இருக்கிறது. ஆல்போர்ட் அன்றைக்கே நிபந்தனை போட்டது இதற்குத்தான்.

எனக்கு அந்தக் கலப்பு டீம்தான் பிடித்திருக்கிறது. எதிர்முனையில் நிற்பவன் 'எஸ்' என்று கத்தினால் ஜாதி கேட்க அவகாசமில்லை, ஓட வேண்டும். பாதி பிட்ச்சில் 'நோ' என்பான். ரன் அவுட். திட்டுவீர்கள், அவனும் திருப்பித் திட்டுவான். அடுத்த மேட்ச்சுக்கும் அவனோடுதான் இறங்க வேண்டும்.