பேராலயமின்றிப் பிறந்த இசை: யாக்கோமே கொன்சால்வெசும் வியாகுலப் பிரசங்கமும்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றில் ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி எழுதுவோர் புலவர்களின் பிரபந்தங்களுக்கு அளிக்கும் இடத்தைக் கத்தோலிக்கரின் உரைநடைக்கு அளிப்பதில்லை. யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளின் பெயர் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடுகின்றது. பண்டித மரபினருக்கு அவரது நடை கொச்சை. முற்போக்காளருட் சிலருக்கோ அவர் பறங்கியரின் பின்னே வந்த பாதிரி. இரு சாராரும் வெவ்வேறு வாயில்களால் நுழைந்து ஒரே முடிவை அடைகின்றனர். இம்முடிவு எத்துணைப் பொருத்தமானது என்பதை அவரது வியாகுலப் பிரசங்கத்தை முன்வைத்து ஆராய்வதே நமது நோக்கம்.

கொன்சால்வெஸ் 1676ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த திவார் தீவிற் பிறந்த கொங்கணிப் பிராமணர். 1705இல் இலங்கைக்கு வந்தார். முப்பத்தேழு ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, 1742இல் நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் உயிர்நீத்தார். சிங்களத்திலும் தமிழிலுமாக வேதபுராணங்கள், பிரசங்கங்கள், செபநூல்கள், கண்டன நூல்கள், பாடல்கள் ஆகியவற்றை எழுதிக் குவித்தவர். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என அவரைச் சிங்கள அறிஞர் போற்றுவர். இசைக்கெனவே ஆக்கிய வேத காவியம், மங்கள கீதிய முதலியனவும் அவர் பெயரால் வழங்குகின்றன.

அவர் வந்த சூழ்நிலை மனங்கொள்ளத்தக்கது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கேயரின் அரசியற் செல்வாக்கு திரும்பவும் தலையெடுக்கக்கூடும் என்ற அச்சத்தினால் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பதையே அவர்கள் கடுந்தண்டனைக்குரிய குற்றமாக்கினர். கறுவா வணிகத்தின் பாதுகாப்பே இதன் அடித்தளம்; கல்வினிய மதப்பற்று அதற்கு மேலிட்ட போர்வை. கோவில்கள் பறிக்கப்பட்டன. 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்திற் கால்வைத்தது இத்தகைய நிலையிலேயே. கண்டி மன்னர் அளித்த புகலிடத்தைத் தளமாகக் கொண்டு, கரையோரத்தில் இரவிலும் மாறுவேடத்திலும் இக்குருமார் பணியாற்றினர். ஐரோப்பியத் துறவுச் சபைகள் சுதேசிகளை ஏற்க மறுத்தமையால் கோவாவில் உருவாகிய ஒறட்டோரியன் சபையைச் சேர்ந்தோர் இவர்கள். ஆயின் அச்சபையும் பிராமணருக்கு மட்டுமே கதவு திறந்தது என்பதை மறத்தலாகாது. ஒடுக்கப்பட்டவரே ஒடுக்கும் சாதியினராகவும் இருந்தனர்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்தரும். இதே ஐபீரியக் கத்தோலிக்கம் அரசுடன் கைகோத்து நின்ற நாட்டில் இசை எவ்வாறு இயங்கிற்று? ஸ்பானியர் ஆண்ட மெக்சிக்கோவில், புவெப்லா நகர்ப் பேராலயத்திலே ஜுவான் குத்தியேரெஸ் தெ பாதில்லா என்னும் குருவானவர் 1629 முதல் 1664இல் இறக்கும் வரை பாடகர் குழாத்தின் தலைவராயிருந்தார். ஸ்பெயினின் மாலகாவிற் பிறந்து கடல் கடந்து வந்தவர் அவர். அவருக்கு ஊதியம் இருந்தது. பயிற்றப்பட்ட சிறுவரும் கருவியிசைஞரும் இருந்தனர். இரு குழாங்கள் எதிரெதிர் நின்று பாடுதற்குரிய இலத்தீன் திருப்பலி இசையை அவர் ஆக்கினார். நத்தார் இரவுக்கென அவர் எழுதிய பாடல்களில் ஆபிரிக்க அடிமைகளின் சிதைந்த ஸ்பானிய மொழியும் வேடிக்கைப் பொருளாக இடம்பெற்றது. இசைநயத்தில் அவை உயர்ந்தனவே. ஆனால் அடிமை அங்கே பாட்டின் பாத்திரமாகின்றான், பாட்டின் உடைமையாளனாவதில்லை.

கொன்சால்வெசுக்குப் பேராலயமில்லை, ஊதியமில்லை, கருவிகள் நிறைந்த குழாமுமில்லை. ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் சிங்கள நூலை அச்சிட்டு வெளியிட்ட வேளையில், அவரது ஆக்கங்கள் ஓலையிற் படியெடுக்கப்பட்டே ஊரூராகச் சென்றன. குரு ஆண்டிற் சில நாட்களே வரக்கூடிய ஊரில் வழிபாட்டை நடத்த வேண்டியவர்கள் மீனவரும் உழவருமே. எனவே, குருவின்றி, கருவியின்றி, ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவரின் குரலை மட்டுமே நம்பி நிகழ்த்தக்கூடிய ஒரு வடிவம் தேவையாயிற்று. கிறிஸ்துவின் பாடுகளை இராகத்துடன் வாசித்துச் செல்லும் வியாகுலப் பிரசங்கம் அத்தேவையின் விளைவு. உரைநடை என அதனை வகைப்படுத்துவோர் ஏட்டை மட்டும் பார்க்கின்றனர். தவக்காலத்திலே அதனைக் கேட்டோர் அதை இசையாகவே அறிவர். தடைச்சட்டமே இங்கு வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம்.

அவ்விசையின் ஊற்றுக்கண் எது? மரியன்னை மகனின் உடலை நோக்கிப் புலம்பும் பகுதிகளைக் கேட்பார், நமது ஒப்பாரியின் விளியையும் அடுக்கையும் உடனே இனங்காண்பர். இவருடைய சமகாலத்தவரான வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியில் காப்பிய மரபினுட் புகுந்து புலவரின் அங்கீகாரத்தை வேண்டி நின்றார். கொன்சால்வெஸ் இழவு வீட்டு முற்றத்துக்குச் சென்றார். இலக்கணத் தராசில் முன்னவரின் தட்டே தாழும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்தறியாத ஒரு சமுதாயம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆக்கத்தைத் தன்னுடையதாகக் காத்துவந்தால், அந்தத் தராசு எதனை நிறுக்கின்றது என்று கேட்கும் உரிமை விமரிசகனுக்கு உண்டு.

இதனாற் கொன்சால்வெசைப் புரட்சியாளராக்க நாம் முனையவில்லை. ஏனைய சமயங்கள்மீது அவர் எழுதிய கண்டனங்கள் சகிப்புத்தன்மையற்றவை. வியாகுலப் பிரசங்கத்திலும் துன்பத்துக்குக் காரணம் மனிதனின் பாவமேயன்றி அதிகார அமைப்பன்று. எனினும், ஆட்சியாளரின் முன்னே கட்டுண்டு நின்று சாட்டையடிபடும் கைதியின் கதையை, தம் குருவை ஒளித்துவைத்தமைக்காகத் தண்டனைக்கு அஞ்சி வாழ்ந்த மக்கள் எவ்வாறு கேட்டிருப்பர்? மதத்தைப் பற்றி மார்க்ஸ் 1844இல் வெளியிட்ட பந்தியின் ஈற்றுச் சொல்லை மட்டும் மனனம் செய்து, அதற்கு முன்னுள்ள வாக்கியங்களைத் தவறவிட்டோர் நம்மிடையே பலர். அவ்வாக்கியங்களின் துணையின்றி இக்கேள்விக்கு விடை காணல் அரிது.

1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர்மீதான தடைகளை நீக்கினர். ஒறட்டோரியன் குருமார் 1760இல் சிறு கொட்டிலாக அமைத்த கொட்டாஞ்சேனைச் சாந்த லூசியா கோவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஆயர்களின் கீழ் மாபெரும் பேராலயமாக எழுந்தது. இலத்தீன் இசையும் பாடகர் குழாமும் அதனுடன் வந்தன. சட்டத்துக்குப் புறம்பாயிருந்த மதம் மதிப்புக்குரியதாயிற்று. ஆனால் அதனைக் காத்த மக்களின் குரல் பீடத்துக்கு வெளியே நின்றது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்த போதுதான் அந்த ஏற்றத்தாழ்வு சற்றேனும் அசைந்தது. இலக்கிய வரலாறு அதற்குப் பின்னரும் அசையவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களைப் பதிப்பித்துக் கூத்துக்கு ஆய்வுலகிற் பெற்றுத்தந்த இடத்தை, அதே மக்கள் பாடிய இப்புலம்பல் இன்னும் பெறவில்லை. பேசாலையில் உருவங்களைக் கொண்டு நிகழ்த்தப்படும் உடக்குப் பாஸில் பிரசங்கமும் காட்சியும் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளன. ஒன்றை விடுத்து மற்றையதை ஆராய்தல் இயலாது.

இன்னொன்றும் உண்டு. சிலாபம் தொட்டு நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் ஒருகாலத்தில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலை மொழியின் மாற்றத்தோடு சிங்களம் பேசுவோராயின. அவர்கள் இன்று தவக்காலத்திற் பாடும் சிங்களப் பசனும் கொன்சால்வெசின் கையிலிருந்து வந்ததே. ஒரே ஆசிரியர் ஒரே கதையை இரு மொழிகளிலும் அழவைத்திருக்கின்றார். சிங்களத் துறையினர் சிங்கள ஏட்டையும் தமிழ்த் துறையினர் தமிழ் ஏட்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டிருக்கும்வரை இவ்விரண்டின் ராகங்களும் தொடரமைப்பும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன என்பது தெரியவராது. இரண்டையும் ஒருசேர வாசிக்கவல்ல மாணவர் கொட்டாஞ்சேனையின் இருமொழி ஒழுங்கைகளில் இன்றும் உளர். பல்கலைக்கழகத் துறைகள் அவர்களைத் தேடிச் செல்லவேண்டும்.