தேர்ச்சி விழுக்காடு யாரை எண்ணுகிறது?

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் சாலையில் தெற்கே போனால் சற்று நேரத்தில் அரியலூர் மாவட்டம் வந்துவிடும். இந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டாரம். கரும்பு, முந்திரி, மானாவாரி நிலம், சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிற பெற்றோர், வீட்டிலேயே முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டுகிற பிள்ளைகள் என்று இரண்டு பக்கத்து வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும்போது விருதுநகர் உச்சியில் இருக்கும். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகியவற்றோடு அரியலூரும் பட்டியலின் அடியில் கிடக்கும். பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அந்த அரியலூர்தான் 2024-ல் பத்தாம் வகுப்பில் 97.31 விழுக்காட்டோடும், 2025-ல் பிளஸ் டூவில் 98.82 விழுக்காட்டோடும் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது.

இந்த ஏற்றத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் மாலை நேரங்களும் சனிக்கிழமைகளும் இருக்கின்றன. ஆனால் இதற்கு வழிவகுத்த ஒரு பழக்கத்தை நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியின் முழு ஆண்டையும் ‘தேர்ச்சி விழுக்காடு’ என்ற ஒற்றை எண்ணை நோக்கி ஓட்டுகிற பழக்கம் அது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பெஞ்சுப் பிள்ளைமேல் பள்ளியின் கண்ணைத் திருப்பியது அந்த எண்தான். அதற்காக அதை மதிக்கிறேன். அதே எண், தேர்வு எழுத வராத பிள்ளையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பதினோராம் வகுப்பையும் ஆய்வகத்தையும் மைதானத்தையும் அதுவே விழுங்கிக்கொண்டிருக்கிறது. விழுக்காட்டைக் கைவிட வேண்டாம். கணக்கிடும் முறையைத் திருத்தியாக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு 1911-ல் தொடங்கியது. பல தலைமுறைகளுக்கு அது வடிகட்டிதான். ‘எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்’ என்பதைக் கிராமத்தில் யாரும் மறைத்ததில்லை. அதுவரை படித்ததே பெருமையாக இருந்தது. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பிறகு பஸ் பாஸ், சைக்கிள் என்று ஒவ்வொன்றும் பிள்ளைகளைப் பள்ளிக்குள் இழுத்து வந்தது. 1978-ல் கல்லூரியிலிருந்த பி.யூ.சி. போய்ப் பள்ளிக்கு மேல்நிலை வகுப்புகள் வந்தன; 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. விருத்தாசலம் மாதிரி நகரத்துப் பெரிய பள்ளிகளை நம்பியிருந்த சுற்றுக் கிராமங்களுக்கும் மெல்ல மெல்ல மேல்நிலைப் பள்ளிகள் வந்தன. பிள்ளைகள் உள்ளே வந்தாயிற்று, அவர்கள் தோற்றுத் தோற்றுத் திரும்பிப் போவதை எப்படித் தடுப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. விழுக்காட்டு ஓட்டத்தின் தொடக்கம் அந்த நியாயமான கேள்விதான்.

இந்த ஓட்டம் வகுப்பறையில் எப்படி நடக்கிறது என்பதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் ஒன்றே போதும். நூறு மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு; ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு வேண்டியது 35. பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறுகிற பையனை மார்ச் மாதத்துக்குள் தேற்ற வேண்டிய ஆசிரியர் என்ன செய்வார்? புத்தகத்தின் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் விடைகளை மனப்பாடம் செய்ய வைப்பார். வடிவொத்த முக்கோணத்தையும் வட்டத்தின் தொடுகோட்டையும் வரைபடத்தையும் கை தானாக வரையும்வரை போடச் சொல்வார். பதினான்கும் பதினாறும் முப்பது. மேலே இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று சரியாக வந்தால் அவன் பாஸ். அந்தப் பையனின் நோட்டைப் புரட்டினால் ஒரே முக்கோணம் பக்கம் பக்கமாக வரும்; கவராயம் குத்திய ஓட்டை கீழ்த்தாள் வரை இறங்கியிருக்கும். ஆசிரியர்கள் இதற்காகவே சுருக்கித் தயாரிக்கும் தாள்களுக்கு ‘மினிமம் மெட்டீரியல்’ என்று பெயர். மெல்லக் கற்கும் மாணவர்களைத் தனியாக உட்காரவைத்து, தினமும் மாலையில் ஸ்பெஷல் கிளாஸில் இதைத்தான் ஓட்டுகிறார்கள்.

இதைப் பார்த்ததும் ‘இது கல்வியா?’ என்று கேட்பது சுலபம். நகரத்து மெட்ரிக் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டவர்கள்தாம் பெரும்பாலும் அப்படிக் கேட்கிறார்கள். அந்த 35 மதிப்பெண் என்னென்ன கதவுகளைத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், காவலர் தேர்வு எல்லாவற்றுக்கும் முதல் படி அதுதான். பிளஸ் டூ தேறினால் விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பத்தாவதில் தவறிய பெண்ணுக்கு அந்த வழி முழுவதும் அடைபட்டுப் போகும். பல வீடுகளில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். முந்திரி பொறுக்கும் பருவமும் தேர்வுக் காலமும் ஒன்றாக வருகிற ஊர்களில், வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போய் வண்டியில் ஏற்றிவருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாலை வகுப்புக்குத் தம் கைக்காசில் சுண்டல் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஒருத்தனையும் விட்டுடக் கூடாது’ என்று ஒரு பள்ளி முழுவதும் நினைக்கிற மாதங்கள் அவை. இந்த நினைப்பை உண்டாக்கியது விழுக்காடுதான். முதல் மதிப்பெண்காரரை மட்டும் கொண்டாடிய பழைய ரேங்க் முறையால் இது நடக்கவில்லை. 2017-ல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது நல்ல முடிவு.

குறை இனிமேல்தான் வருகிறது. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களில் தேறியவர் எத்தனை பேர் என்ற கணக்கு. எழுதாதவர் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாளுக்கு மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் வராமல் போனது மாநிலத்தையே உலுக்கியது. கொரோனாவால் 2021-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு இல்லாமலேயே தேர்ச்சி பெற்று வந்த பிள்ளைகள் அவர்கள். பதினோராம் வகுப்பிலேயே பலர் நின்றுபோயிருந்தார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. அந்த ஆண்டின் தேர்ச்சி விழுக்காட்டை அவர்களுடைய இழப்பு ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. நூறு பேர் சேர்ந்து, பத்துப் பேர் வழியிலேயே நின்று, தொண்ணூறு பேர் எழுதித் தொண்ணூறு பேரும் தேறினால் அந்தப் பள்ளிக்கு நூறு விழுக்காடு. நூறு பேரையும் கடைசிவரை பிடித்து வைத்திருந்து, அதில் எட்டுப் பேர் தவறினால் 92 விழுக்காடு. பாராட்டுச் சான்றிதழ் முதல் பள்ளிக்கு; விளக்கம் கேட்கும் கடிதம் இரண்டாவது பள்ளிக்கு. தேற மாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே ‘டி.சி. வாங்கிட்டுப் போய் வேற எங்கயாவது சேர்த்துப் பாருங்க’ என்று சொல்லத் தூண்டுவது இந்தக் கணக்குதான். அப்படிச் சொல்ல மறுக்கிற தலைமையாசிரியர் தம் மனசாட்சிக்காக மேலிடத்துக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இந்த முறையில் வேறு தெரியவில்லை.

பதினோராம் வகுப்பின் கதை சிறியது. அந்த ஆண்டுப் பாடத்தை நடத்தாமல் நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவுவதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. மாணவர் சுமையைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. மூன்று ஆண்டுத் தொடர் தேர்வு பிள்ளைகளை வாட்டியது உண்மை. நீக்கியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விழுக்காட்டு ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு தேர்வை மட்டும் எடுத்தால் பழைய தாவல் திரும்ப வரும். இயற்பியலின் அடிப்படை பதினோராம் வகுப்பில்தான் இருக்கிறது. நீட் எழுதுகிற பிள்ளைக்குப் பாதி வினா அங்கிருந்து வரும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-ல் கிடைத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் பயனை இந்தத் தாவல் அரித்துவிடும்.

அதிகம் இழந்தது மைதானம். எந்தப் பள்ளியின் கால அட்டவணையிலும் பி.டி. பீரியட் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிகள் நடக்கும்போது கபடிக்கும் வாலிபாலுக்கும் ஓட்டத்துக்கும் ஆள் திரட்டுவார்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வாங்கிக்கொள்வார். அரையாண்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் மைதானத்தில் நின்றாலே ‘இங்க என்ன வேலை?’ என்று கேள்வி வரும். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். அது முடிந்தால் கார்மாங்குடிக்கும் ராஜேந்திரப்பட்டினத்துக்கும் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். பயிற்சிக்கு நேரமே இல்லை. பதினைந்து, பதினேழு வயதில் ஓர் ஆண்டு விட்டுப்போன பயிற்சி பிறகு கைகூடாது. பெண் பிள்ளைகளுக்கு இழப்பு இரட்டிப்பு. பொங்கலுக்கு ஊரில் நடக்கும் கபடிப் போட்டியிலாவது பையன்கள் இறங்கிவிடுவார்கள். பெண்களுக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு களம் இல்லை.

விளையாட்டைப் படிப்பின் எதிரியாக நினைப்பதால் என்ன இழக்கிறோம் என்பதற்குச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி சாட்சி. ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டவைத்தது ஓர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டிகளில் இந்தியா கபடித் தங்கம் வென்றபோது, சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகாவும் வடுவூர்ப் பையன் அபினேஷும் அணிகளில் இருந்தார்கள். கடலூர் மண்ணிலிருந்து இந்தியக் கால்பந்து அணிக்குப் போன இந்துமதி கதிரேசனைச் சொல்லாமல் இந்தப் பட்டியல் முடியாது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரருக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு வைத்திருக்கிறது. அதற்குத் தகுதியான பிள்ளையை உருவாக்கும் நேரத்தைப் பள்ளியிலிருந்து பறித்துவிட்டு, வாசலில் ஒதுக்கீட்டை வைத்து யாருக்கு என்ன பயன்?

பக்கத்து விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிறது. பீங்கான் பியூஸ் கேரியரும் பொம்மையும் சூளையிலிருந்து இறங்குவதை ஒருமுறைகூடப் பார்க்காமல் சுற்றுவட்டாரப் பிள்ளை வேதியியல் பாடத்தில் சிலிக்கேட்டை மனப்பாடம் செய்கிறது. பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 மதிப்பெண். அது எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஆய்வகம் பிப்ரவரியில் மட்டும் திறக்கப்படும் பள்ளிகள் உண்டு. விழுக்காட்டுக்கு உதவாத எதுவும் இப்படித்தான் ஒதுங்கிப்போகிறது.

திருத்தம் கடினமானதல்ல. அரசுப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அதே பிள்ளைகளில் எத்தனை பேர் ஏழு ஆண்டு கழித்துப் பிளஸ் டூ தேறினார்கள் என்பதை அந்த எண்ணை வைத்துப் பள்ளி பள்ளியாகச் சொல்ல முடியும். இடமாறிப் போனவர் எங்கே படிக்கிறார் என்பதும் அதில் தெரியும். எங்கும் சேராதவரும் தெரிவார். மாவட்டக் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை பேர் ஃபெயில்?’ என்பதற்கு முன்னால் ‘எத்தனை பேர் நின்னுட்டாங்க?’ என்று ஆகட்டும். பி.டி. பீரியட் நடந்ததா, ஆய்வகம் எந்த மாதம் திறந்தது, பதினோராம் வகுப்புப் பாடம் எந்த இயலில் நிற்கிறது என்பவற்றை ஆய்வுக்கு வரும் அதிகாரி அதே தாளில் குறிக்கட்டும். மே மாதத்துப் பட்டியலில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்தில், சேர்ந்தவர்களில் தேறியவர் எத்தனை என்ற இன்னொரு கட்டத்தையும் போட்டு வெளியிட வேண்டும். அரியலூரும் கடலூரும் அந்தக் கட்டத்தில் எங்கே நிற்கின்றன என்பதை அறிய இரண்டு மாவட்டத்துப் பெற்றோருக்கும் உரிமை இருக்கிறது.