பேராற்றல் வீரர் திரைப்படங்களும் இருண்மையும்

அமெரிக்கத் திரைப்படங்களுள் 'சூப்பர் ஹீரோ' எனப்படும் பேராற்றல் வீரர் கதைகள் தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. அவை இருண்டும் கடுமையுற்றும் அமைதலே முதிர்ச்சி என்பர் ஒரு சாரார். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அவர்கள் காட்டும் சான்று பேட்மேன் படங்களாகும். 1997இல் வெளிவந்த 'பேட்மேன் அண்டு ராபின்' வேடிக்கை மிகுந்து பெருமை குன்றிற்று. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் அவ்வீரனை மீண்டும் இருளிடை நிறுத்தினார். 2008இல் வந்த அவருடைய 'தி டார்க் நைட்' பெரும்புகழ் எய்தியது. ஆயின், அப்புகழுக்கு இருளே காரணம் எனத் துணிதல் தகுமோ? பெற்றோர் கொலையுண்டதைக் கண்ட சிறுவனே வளர்ந்து வௌவால் கோலம் பூணுகிறான். எனவே, இருள் அவன் கதையின் வித்திலேயே உளது, புறத்தே பூசப்பட்டதன்று. மேலும், அப்படத்தின் இறுதிப் பகுதியில் இரு படகுகளில் வெடிமருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் மற்றதை வெடிக்கச் செய்யும் கருவியைத் தருகிறான் ஜோக்கர். அழிக்கலாம் என வாக்களித்தோரும் இறுதியில் அது செய்யத் துணிந்திலர். அறத்தின் ஒளி தோன்றுதற்கே ஆண்டு இருள் களமாயிற்று என்க.

இனிச் சூப்பர்மேனைக் காண்போம். 1978ஆம் ஆண்டுப் படத்தில் அவன் மரத்தில் சிக்கிய பூனையை இறக்கிச் சிறுமியிடம் தருகிறான். 2013இல் ஸாக் ஸ்நைடர் இயக்கிய 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்திலோ மாநகர் இடிந்து வீழ, அவன் பகைவனின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். ஒரு குடும்பத்தைக் காக்க வேறு வழியின்றிக் கொன்றான். கொன்றபின் கதறினான் என்பர் அப்படத்தை ஏற்போர். அக்கதறல் உண்மையானதே. ஆயினும், பகைவன் ஒருவனுக்காகக் கதறியவன், இடிபாடுகளுள் மாண்ட மாந்தர்க்காக வருந்தியதாக அப்படம் காட்டவில்லை. ஆகவே, அங்குள்ளது இருளின் நிறமே. துயரின் ஆழம் அன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் பெருமிதத்தையும் வேறுவேறாக வைத்தார். பெருமிதத்திற்குத் தறுகண்மையோடு கொடையையும் நிலைக்களனாக்கினார். இவ்வளவுகோல் நமக்கு ஈண்டும் பயன்படும். பூனையை மீட்டுத் தந்த சிறுசெயல் கொடையின்பாற்படும். 2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' பெரும்போரிடையே ஓர் அணிலைக் காப்பதும் அத்தகையதே. அவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டென்று இகழ்வோர், வீரத்தின் ஒரு கூற்றையே இழந்தவராவர்.

ஆதலின், இருண்மை வேண்டுமா என வினவுதல் முறையன்று. வீரனின் இயல்பு யாது, அதனைப் புலப்படுத்த எத்துணை இருள் வேண்டும் என வினவுதலே திறனாய்வாளர் கடன் என்பது எம் துணிபு.