காற்கூறும் முக்காற்கூறும்: நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் மொழி

வகுப்பறையில் ஆசிரியர் எங்ஙனம் பேசுதல் வேண்டும், எங்ஙனம் எழுதுதல் வேண்டும் என்னும் வினா மேனாட்டுக் கல்வியியலாரால் எழுப்பப்பட்டதெனக் கருதுவாருளர். பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய பவணந்தி முனிவரின் நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் இவ்வினாவை விரிவாகவே ஆராய்ந்துள்ளது. அவ்வாராய்ச்சி இன்றைய வகுப்பறைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ஆசிரியராதற்குத் தகாதாரை நன்னூல் நான்கு உவமைகளாற் சுட்டுகின்றது. கழற்காய் பெய்த குடம், இட்ட முறை பிறழக் கொட்டும். மடற்பனை, தானே உதிர்த்தாலன்றி ஏறிப் பறிக்க இடங்கொடாது. பருத்தி அடைத்த குண்டிகை, சிறிது சிறிதாகவே வெளிவிடும். முடத்தெங்கு, நீர் வார்த்தவனிருக்க அயலானுக்குக் காய் உதிர்க்கும். இந்நான்கனுள் ஒன்றேனும் வெறுமையைக் குறிக்கவில்லை. குடத்திற் காயுண்டு, பனையிலும் பழமுண்டு. உள்ள பொருள் உரியவனைச் சென்று சேராமையே குற்றம். ஆசிரியரின் குறைபாட்டை அறிவின்மையாகக் காணாது உணர்த்தும் முறையின் குறையாகக் கண்டமை இந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

இதனினும் ஆழமானது பிறிதோரிடம். ஆசான் உரைத்ததை மாணாக்கன் முற்றாகக் கொண்டாலும் புலமையிற் காற்கூறே எய்துவான். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் வந்தடையும் என்கின்றது நன்னூல். அங்ஙனமாயின், பாடவேளை முழுவதும் குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் ஆசிரியர், எத்துணைத் திறம்பட மொழிந்தாலும் முக்காற்கூற்றை அடைத்துவிடுகின்றார். மாணவரைப் பேசவைக்கும் பேச்சே ஆசிரியரின் சிறந்த பேச்சு.

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த முரசுமோட்டையைக் கருதுக. இரணைமடு நீரால் நெல் விளையும் ஊர் அது. 'திரவத்தின் ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும்' என்று கரும்பலகையில் எழுதினால் அங்குள்ள மாணவன் பார்த்தெழுதுவான். 'குளக்கட்டு மேலே ஒடுங்கி அடியில் அகன்றிருப்பது ஏன்?' என்று வினவினாலோ, அவனே பேசத் தொடங்குவான். துருசும் வாய்க்காலும் காலபோகமும் சிறுபோகமும் அறிந்த பிள்ளை அவன். அடியில் நீரின் அமுக்கம் மிகுதி என்பதை அவன் வாயாலேயே வருவித்தபின், அதனைப் பாடநூல் மொழியில் எழுதுவித்தல் எளிது. நூலழகு பத்தனுள் ஒன்றாகிய 'விளங்கு உதாரணத்தது ஆகுதல்' இதுவே. கரும்பலகையும் ஆசிரியர் இயற்றும் ஒரு நூலே. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் முதலாய குற்றங்கள் அதற்கும் உரியன.

ஆயினும், நன்னூலை முற்றாக ஏற்றல் இயலாது. பாடங் கேட்கத் தகாதார் வரிசையில் அது பிணியனையும் மந்தனையும், நூலுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தனையும் சேர்க்கின்றது. கடைமாணாக்கனை ஓட்டைக் குடமென்கின்றது. ஆசிரியரின் குறையை உணர்த்தும் முறையிற் கண்ட நூல், மாணாக்கனின் குறையை அவன் பிறவியிற் காண்கின்றது. இது முரண்பாடு.

2009 இன் தொடக்கத்தில் போர் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது வன்னிப் பிள்ளைகள் பாடசாலையிழந்து இடம்பெயர்ந்தனர். பின்னர் செட்டிகுளத்து முகாம்களிற் பலர் அடைக்கப்பட்டனர். மீண்டு வந்து புத்தகத்தைத் திறந்தபோது உள்ளந் தடுமாறிய பிள்ளையை நன்னூலின் அளவுகோல் வாயிலிலேயே நிறுத்தியிருக்கும். அன்றைய பிள்ளைகளுட் பலர் இன்று பெற்றோர். அறுந்த கல்வியின் நிழல் அவர்தம் பிள்ளைகள்மீதும் படியக்கூடும். 1945 இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியோ எவரையும் வாயிலில் நிறுத்துவதில்லை.

ஆகவே, நன்னூல் ஆசிரியர்க்கு வகுத்த இலக்கணத்தைக் கொண்டு, மாணாக்கர்க்கு வகுத்த விலக்கைத் தள்ளுதலே முறை. நல்லாசிரியனுக்கு அந்நூலே நிலத்தை உவமை கூறியுள்ளது. உழுபவனின் முயற்சிக்கேற்ப விளைவு தரும் நிலம், உழுபவன் யாரென வினவுவதில்லை.